அத்தைக்கு எடுத்த கோடி

மும்பை தாராவியில் குடியிருக்கும் ஓர் அலுவலக எழுத்தர், உடல் நலம் குன்றிய தம் தமக்கையைப் பார்க்கத் திருநெல்வேலிச் சீமையிலுள்ள சொந்த ஊருக்குச் சென்றிருந்தார். கல்லூரியில் படிக்கும் மகனும் உடன் போயிருந்தான். போன மறுநாளே அந்த அம்மாள் காலமானார்.

வாசலில் ஊர் கூடியிருந்தது. தகப்பனார் மகனை அழைத்து, "தம்பி, கடைத்தெருவுக்குப் போய் அத்தைக்குப் பிறந்த வீட்டுக் கோடி எடுத்துட்டு வா" என்றார்.

"கோடியா? அவ்வளவு பணத்துக்கு நாம எங்கப்பா போறது?" என்று கேட்டுவிட்டான் பையன்.

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கலங்கிப் போய்க் கேட்டான். ஆனால் கூட்டம் ஒரு கணம் மௌனமாகிவிட்டது. தகப்பனார் தாமே எழுந்து கடைக்குப் போனார். அவர் சேலையோடு திரும்பும்வரை, அந்த அம்மாளின் கடைசிப் பயணம் வாசலிலேயே காத்திருந்தது.

கோடி என்றால் புதுத்துணி. இறந்துபோன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் கொண்டுவரும் கடைசிச் சேலை அது. நல்ல காரியத்துக்கு எடுக்கும் சேலையைப் 'புதுச்சேலை' என்பார்கள். உடுத்துமுன் ஓரத்தில் மஞ்சள் தடவுவார்கள். துக்க வீட்டில் 'கோடி' என்ற ஒரு சொல் போதும், வேறு விளக்கம் யாரும் தரமாட்டார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் கோடி என்ற எண்ணை மட்டுமே படித்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

வினைச்சொல் ஒன்றல்ல

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு உடைகளின் பெயர்கள் ஓரளவு தெரியும். சிக்கல் வினைச்சொல்லில்தான் வருகிறது. இந்தியில் பெரும்பாலான உடைகளுக்கு 'பஹன்னா' என்று சொல்லிவிடலாம். தமிழில் அது செல்லாது. வேட்டி கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், சேலை கட்டுகிறோம் அல்லது உடுத்துகிறோம், சால்வை போர்த்துகிறோம். 'வேட்டி போட்டான்' என்று பிள்ளை சொன்னால் பாட்டிக்குப் புரியும். ஆனால் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே பல பிள்ளைகள் ஊரில் வாய் திறப்பதில்லை.

ஊருக்கு ஊர் பெயரும் மாறும். சென்னையில் லுங்கி என்பதைத் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் சாரம் என்பார்கள். கைலி என்று சொல்லும் ஊர்களும் உண்டு.

மராத்தியும் துணைக்கு வரும்

மராத்தியில் 'பதர்' என்பது நமது முந்தானை. 'தானை' என்றால் துணி. முன்னால் தொங்கும் துணி முந்தானை. இடுப்பில் செருகும் மடிப்பு கொசுவம். ஓரம், கரை. மராட்டியப் பெண்கள் கட்டும் 'நௌவாரி' ஒன்பது கஜம்; நமது மடிசார்ப் புடவையும் ஒன்பது கஜந்தான். இரண்டு முழம் ஒரு கஜம் என்பதால், பழைய பாட்டிமார் அதைப் பதினெட்டு முழம் என்பார்கள். வேட்டியில் நாலு முழம் ஒற்றை. எட்டு முழம் இரட்டை.

இஸ்திரி, அலமாரி என்ற சொற்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து மராத்திக்கும் தமிழுக்கும் வந்தவை. பொத்தானும் துவாலையும் அவர்கள் வழியாக வந்தவையே. ஆகவே மும்பைப் பிள்ளைக்கு இவற்றில் சில ஏற்கெனவே பாதி தெரிந்தவை.

நமக்கே உரிய பழைய சொற்களும் உண்டு. அறுத்து விற்கப்படுவதால் துணிக்கு 'அறுவை' என்று பெயர். சங்கப் புலவர் ஒருவரின் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். துணி வியாபாரியும் கவி பாடிய ஊர் மதுரை.

துணியில் இருக்கும் மரியாதை

மடித்துக் கட்டிய வேட்டியைப் பெரியவர்களைக் கண்டதும் இறக்கிவிடுவது வழக்கம். இதையும் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். மரியாதை என்பது ஒன்று. அடக்குமுறை என்பது வேறு. தோளில் துண்டு போடும் உரிமைகூட மறுக்கப்பட்டவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள்; 1859ல்தான் அரசு பிரகடனம் வெளியிட்டு அனுமதி அளித்தது. அதற்குத் தோள்சீலைப் போராட்டம் என்று பெயர். 'சீலை' என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு கண்ணீர் இருப்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இதற்குத் தனியாக வகுப்பு வேண்டியதில்லை. கொடியில் உலரும் துணியை மடிக்கும்போது ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லலாம். தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போகும்போது முந்தானையையும் கரையையும் காட்டலாம். பழைய பெட்டியைத் திறக்கும்போது, எந்தச் சேலை எந்தக் கல்யாணத்தில் எடுத்தது என்று அம்மா சொன்னால், சொல்லோடு குடும்பக் கதையும் சேர்ந்து வரும்.

தாராவிக் குடும்பம் பதினாறாம் நாள் காரியம்வரை ஊரிலேயே தங்கியது. அன்று தாய்மாமன் என்ற முறையில் எழுத்தர் தம் தமக்கை மகனுக்கு வேட்டி, துண்டு எடுத்துக் கொடுத்துத் தலைப்பாகை கட்ட வேண்டும். இந்த முறை அவர் யாரையும் ஏவவில்லை. முந்திய நாளே பையன் தனியாகக் கடைக்குப் போய், "எட்டு முழ வேட்டி ஒண்ணு, சின்னக் கரை, துண்டு ஒண்ணு" என்று கேட்டு வாங்கி வந்திருந்தான்.

தகப்பனார் கரையைத் தடவிப் பார்த்தார். "சரியா எடுத்திருக்கே" என்றார்.

பையன் தலைகுனிந்து, "அத்தைக்குத்தான் எடுக்க முடியலை" என்றான்.