37 பென்ஸ் மதிய உணவு... பள்ளித் தட்டிலிருந்து விரட்டப்பட்ட ட்விஸ்லர்!

பார்க்க, திருகிவிட்ட ஸ்பிரிங் போல இருக்கும். சூடாக்கித் தட்டில் வைத்தால் பிள்ளைகள் மிச்சம் வைக்க மாட்டார்கள். பெயர், டர்க்கி ட்விஸ்லர். பெயரில்தான் வான்கோழி. உள்ளே இருந்த வான்கோழி இறைச்சியோ மூன்றில் ஒரு பங்குதான். மீதி தண்ணீர், பன்றிக் கொழுப்பு, ரஸ்க் தூள், அதோடு நிறமி, சுவையூட்டி என நீளும் ஒரு பட்டியல். 2005 வரை இங்கிலாந்தின் பல பள்ளிகளில் மதிய உணவு என்றால் இந்த ரகம்தான்.

அந்தக் காலகட்டத்தில்தான் பிரபல சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர், லண்டன் கிரீன்விச்சில் இருந்த கிட்புரூக் பள்ளியின் சமையலறைக்குள் டி.வி. கேமராவுடன் நுழைந்தார். ஒரு பிள்ளையின் சாப்பாட்டுப் பொருள்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகை வெறும் 37 பென்ஸ். அன்றைய மதிப்பில் சுமார் 30 ரூபாய். லண்டன் விலைவாசிக்கு அது எந்த மூலைக்கு?

குற்றம் சமையல்காரர்கள் மீது இல்லை. பள்ளி உணவில் இன்னின்ன சத்து இருந்தாக வேண்டும் என்ற விதியை 1980-ல் வந்த கல்விச் சட்டம் நீக்கிவிட்டது. அதன்பின், குறைந்த விலை சொன்னவருக்கே கான்ட்ராக்ட். தொழிற்சாலையில் செய்து, உறையவைத்து, லாரியில் அனுப்பி, மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய உணவில் நிறமும் மணமும் எங்கிருந்து வரும்? அந்த வேலையைத்தான் ரசாயனச் சேர்மானங்கள் செய்தன. காய் நறுக்கத் தெரிந்த கைகள் பாக்கெட் பிரிக்கும் கைகளாயின.

புதிதாகச் சமைப்பது எளிதாக இருக்கவில்லை. கிட்புரூக்கின் தலைமைச் சமையலர் நோரா சாண்ட்ஸும் சக பெண்களும் கூடுதல் நேரம் நின்று வேலை பார்த்தார்கள். அப்படிச் செய்ததைப் பிள்ளைகள் குப்பைத்தொட்டியில் கொட்டினார்கள்! நாக்கு பழக நாளாகும்தானே?

நிகழ்ச்சியைப் பார்த்து இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் மனுவில் கையெழுத்திட, அரசு 28 கோடி பவுண்ட் ஒதுக்கியது. 2006 செப்டம்பரில் புதிய உணவு விதிகள் வந்தன. ராதர்ஹாம் பக்கம் சில அம்மாக்கள் இதை எதிர்த்து, பள்ளி வேலிக்கு மேலே பர்கரையும் சிப்ஸையும் நீட்டிய கூத்தும் நடந்தது.

பலன் கிடைத்ததா? மிஷெல் பெலோ, ஜொனாதன் ஜேம்ஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கிரீன்விச் தொடக்கப் பள்ளிகளை அக்கம்பக்கத்துப் பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். ஆங்கிலத்திலும் அறிவியலிலும் மதிப்பெண் கூடியிருந்தது. உடம்பு சரியில்லை என்பது போன்ற காரணம் சொல்லி எடுத்த விடுப்பு சுமார் 14 சதவிகிதம் குறைந்திருந்தது.

2007-ல் இன்னொரு ஆய்வு. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 3 வயதுப் பிள்ளைகள் 153 பேருக்கும், 8, 9 வயதுப் பிள்ளைகள் 144 பேருக்கும் செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் சில நாள்கள் தரப்பட்டது. அந்த நாள்களில் பலரிடம் துறுதுறுப்பு கூடியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இல்லை, எந்த நிறத்தால் என்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை. அந்த ஆறு நிறங்களில் எதைச் சேர்த்தாலும், 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்' என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என 2010 ஜூலையில் கட்டாயமாக்கியது.

சேர்மானம் என்றாலே விஷம் என்று பதற வேண்டியதில்லை. நம் வீட்டு மஞ்சளின் நிறத்துக்கும் 100 என்று ஓர் எண் உண்டு. வைட்டமின் சி-க்கு 300. பார்க்க வேண்டிய எண்கள் வேறு.

அந்த ஆறு நிறங்களில் நான்குக்கு இந்தியாவில் அனுமதி உண்டு. டார்ட்ரசின் 102, சன்செட் யெல்லோ 110, கார்மோசின் 122, பான்சோ 124. பிள்ளை கேட்டு அழும் மிட்டாய், ஜெல்லி, கலர் பானம் ஆகியவற்றின் பாக்கெட்டைத் திருப்பினால், பொடி எழுத்தில் 'ஐ.என்.எஸ்.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இவை இருக்கக்கூடும். ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டுக்கு வரும் சிவப்பு சில்லி சிக்கனுக்கோ, கேன்டீன் கேசரிக்கோ அந்தப் பொடி எழுத்தும் கிடையாது. சமைத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.