கட்டடத்தில் ஈரம்: வழியறிந்து தடுத்தல்

மழைக்காலம் கழிந்து பல நாட்கள் சென்ற பின்னும் பள்ளிக்கூடங்களின் உட்கூரையில் பழுப்பு நிறக் கறை தங்கியிருப்பதைக் காணலாம். அதன்மேல் வெள்ளை அடித்துவிட்டால் காரியம் முடிந்ததென்று கருதுவோர் பலர். கறை மறையும், ஈரம் மறையாது. ஆகவே, பழுது பார்க்கத் தொடங்குமுன் நீர் எவ்வழியே வருகிறது என்பதைத் தெளிதல் வேண்டும்.

ஈரம் வரும் வழிகள்

குழாய்க் கசிவு நீங்கலாக, ஈரம் பெரும்பாலும் மூன்று வழிகளில் புகுகிறது. மழைநீர் தளத்தின் வெடிப்புகள் வழியாகவும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேருமிடத்திலும் இறங்குகிறது. நிலத்து நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, செங்கல்லின் நுண்துளைகளில் மேலேறுகிறது. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து நீர்த்துளிகளாகிறது.

மழைக்குப் பின் உட்கூரையில் தோன்றும் கறை முதல் வகையைச் சார்ந்தது. சுவரின் அடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை ஈரமும் வெண்ணிற உப்புப் பூத்தலும் காணப்படின், அது இரண்டாவது வகை. குளிர்காலத்தில் காற்றோட்டமற்ற மூலைகளில் கரும்பூஞ்சை படர்வது மூன்றாவது வகை. ஐயம் ஏற்படின், ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் இறுக ஒட்டி, ஓரிரு நாட்கள் விட்டுவைக்கலாம். தாளின் உட்புறம் நனைந்திருந்தால் நீர் சுவரிலிருந்து வருகிறது; வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது.

அபாயம் யாது?

கான்கிரீட்டின் காரத்தன்மை அதனுள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுக்கணக்கில் உட்புகும்போது இக்காரத்தன்மை குன்றுகிறது. அதன்பின் நீரும் பிராணவாயுவும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதாகையால், கம்பியை மூடியுள்ள கான்கிரீட்டை நெக்கித் தள்ளுகிறது. வகுப்பறைகளில் உட்கூரைக் காரை பெயர்ந்து விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். கம்பியின் போக்கிலேயே நீண்ட வெடிப்பும் பழுப்புக் கோடும் காணப்பட்டாலோ, காரை உப்பித் தொங்கினாலோ, மாணவர்களை அவ்வறையிலிருந்து உடனே அகற்றிப் பொறியாளருக்குத் தெரிவித்தல் கடமையாகும்.

தளத்தைக் காத்தல்

100 சதுர மீட்டர் பரப்புள்ள தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் சேரும். இது தேங்காமல் வடிவதற்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவேனும் வேண்டும். சுமார் 40 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் 100 மில்லிமீட்டர் குழாய் அமைப்பது வழக்கம். குழாயின் வாயைச் சருகு அடைத்துக்கொண்டால் இவ்வேற்பாடு முழுவதும் பயனற்றதாகும்.

பழைய கட்டடங்களில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, மரக்கட்டையால் நெடுநேரம் அடித்து இறுக்குவர். வட இந்தியாவில் வெல்லத்துடன் வில்வப்பழக் கஷாயமும், தமிழ்நாட்டில் வெல்லத்துடன் கடுக்காய் நீரும் சேர்ப்பதுண்டு. மெட்ராஸ் ஒட்டுத்தளம் எனப்படும் வகைக்கு இந்தியத் தரநிர்ணய விதி (ஐ.எஸ். 2119) உள்ளது. வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது சுண்ணாம்பு ஓரளவு இணங்கிக் கொடுக்கும். நுண்ணிய வெடிப்புகளில் நீரில் கரைந்த சுண்ணாம்பே மீண்டும் படிந்து அவற்றை அடைத்துவிடுவதும் உண்டு. இத்தகைய தளத்தின்மீது கெட்டியான சிமெண்டுப் பூச்சு இடின், அப்பூச்சு வெடித்து நீரை உள்வாங்கும். உட்சென்ற நீர் உலர வழியின்றித் தங்கிவிடும்.

சுவரைக் காத்தல்

நிலத்து ஈரத்தைத் தடுக்க, அடிமட்டத்தில் சுவரின் முழு அகலத்திற்கும் ஈரத்தடுப்பு அடுக்கு இடப்படுகிறது. வெளியே மண்ணையோ பூச்செடிப் பாத்தியையோ இவ்வடுக்கிற்கு மேல் உயர்த்திவிட்டால், ஈரம் அதனைத் தாண்டிச் சுவரில் ஏறும். அம்மண்ணை அகற்றுவதே முதற் பரிகாரம். ஈரச்சுவரைச் சிமெண்டால் மூடினால், நீர் உலரும் இடம் தேடி இன்னும் உயரே செல்லும்.

செய்யத்தக்கவை

பருவமழைக்கு முன் தளத்தைப் பெருக்கி, குழாய் வாய்களைச் சோதித்தல் வேண்டும். ஒழுகும் இடம், நாள், மழையின் கடுமை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் நன்று. பழுதடைந்த பழைய தளத்தில் நீரைத் தேக்கிச் சோதிக்கலாகாது. 10 சென்டிமீட்டர் நீர், சதுர மீட்டருக்கு 100 கிலோகிராம் பாரத்தைக் கூட்டும். வெள்ளையடிப்பது, ஈரத்தின் வழி அடைபட்டுச் சுவர் நன்கு உலர்ந்த பின்னரே செய்யத்தக்கது.