தண்டையார்பேட்டை பெட்ரோல் ஏன் தானாக எரிவதில்லை?

சென்னை தண்டையார்பேட்டையின் எண்ணெய்க் கிடங்குகளில் பெட்ரோல் இருக்கிறது. சுற்றியுள்ள காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். பெட்ரோலில் உள்ள ஆக்டேன் 114 கிராம் எரிந்தால் சுமார் 5,470 கிலோஜூல் வெப்பம் வரும். ஆனாலும் சித்திரை வெயிலில்கூட அது தானாகப் பற்றுவதில்லை. காரணத்தை ஒரு படமாகவே வரைந்துவிடலாம்.

செங்குத்து அச்சில் ஆற்றல். கிடை அச்சில் வினையின் போக்கு; அதை நேரம் என்று படிக்கும் பிளஸ் டூ மாணவர்கள் ஏராளம். இடப்பக்கம் உயரத்தில் ஆக்டேனும் ஆக்சிஜனும். வலப்பக்கம் வெகு கீழே கார்பன் டை ஆக்சைடும் நீரும். இரண்டையும் சரிவுக்கோட்டால் இணைத்தால் படம் தப்பு. பழைய பிணைப்புகள் தளராமல் புதியவை உருவாகாது என்பதால் கோடு முதலில் மேடேறி, பிறகுதான் இறங்கும். அந்த ஏற்றமே கிளர்வு ஆற்றல். வெப்பம் கூடினால் வினை ஏன் விரைகிறது என்பதை ஸ்வீடனின் அர்ரீனியஸ் 1889-ல் இதைக் கொண்டுதான் விளக்கினார். (ஆக்டேன் எரிவது உண்மையில் எத்தனையோ சிறு படிகளில், ஒற்றை மேடு வகுப்பறை வசதி.)

எவ்வளவு வெப்பம் வரும் என்பதை இறக்கம் சொல்லும். வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை மேடுதான் சொல்லும். பெட்ரோல் ஆவி தானாகப் பற்ற 250 டிகிரிக்குமேல் சூடு வேண்டும். ஆனால் பொறி பட்டால் ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றல் போதும்: சில மூலக்கூறுகள் மேடேறினால், அவை விடும் வெப்பம் பக்கத்து மூலக்கூறுகளையும் ஏற்றிவிடும். டேங்கர் லாரியில் எண்ணெய் நிரப்புமுன் எர்த் கம்பி மாட்டுவது, நிலைமின்சாரம் அந்தப் பொறியைத் தந்துவிடாமலிருக்கத்தான்.

பக்கத்து மணலியில் கதை தலைகீழ். 1971-ல் உற்பத்தியைத் தொடங்கிய, அம்மோனியா தயாரிக்கும் மெட்ராஸ் உரத் தொழிற்சாலைக்கு மேடு ஒரு தொல்லை. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியா ஆனால் 92 கிலோஜூல் இறக்கம்தான். நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்கவோ 945 கிலோஜூல். அம்மோனியா ஆலைகளில் இதற்கு இரும்பு வினையூக்கி வைப்பார்கள். படத்தில் அதைத் தாழ்ந்த மேடாக, புள்ளிக்கோட்டில் வரைய வேண்டும். தொடக்கமும் முடிவும் இம்மியும் நகரக்கூடாது. தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான்.

முன்னோக்கிய ஏற்றம் எவ்வளவு குறைகிறதோ, திரும்பி வரும் ஏற்றமும் அவ்வளவே குறையும். ஆகவே வினையூக்கி அம்மோனியாவின் அளவைக் கூட்டாது, சீக்கிரம் தரும். குளிரவைத்தால் அளவு கூடும், ஆனால் வேகம் படுத்துவிடும். அதனால் 400 முதல் 500 டிகிரியில் உயர் அழுத்தம் கொடுத்து, மாறாமல் எஞ்சும் வாயுவைத் திரும்பத் திரும்ப உலைக்குள் அனுப்புகிறார்கள்.