ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிபயர்

ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, மார்கழிக் கச்சேரியை வீட்டிலேயே செவியாரக் கேட்க வேண்டும் என்னும் ஆவல் இயல்பே. தீபாவளி போனஸ் வந்ததும் ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் வாங்கக் கடைக்குச் செல்கிறோம். ஆங்கு நாம் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை வாட்?" என்பதே. அக்கேள்வி மட்டும் போதாது.

முதலில் அறிய வேண்டுவது ஸ்பீக்கரின் உணர்திறன். 1 வாட் செலுத்தினால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பதே அது. ஒலி 3 டெசிபல் உயர, மின்திறன் இருமடங்காக வேண்டும். ஆகவே 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் தரும் ஒலியை 84 டெசிபல் ஸ்பீக்கரிடம் பெற 40 வாட் தேவை. 30 வாட்டுக்குப் பதிலாக 60 வாட் வாங்கினாலும் மிகுவது 3 டெசிபலே. செவிக்கு அது சிறு மாறுதல்தான். பன்னிரண்டடிக்குப் பத்தடி அறையில் நிதானமாகப் பாட்டுக் கேட்கையில் பெரும்பாலும் 1 வாட் அளவே செலவாகும். மிருதங்கத்தின் ஓங்கிய அடிக்கு ஒரு கணம் பன்மடங்கு வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்து, 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 30 முதல் 50 வாட் தாராளம்.

பெரிய ஆம்ப்ளிபயர்தான் ஸ்பீக்கரைக் கெடுக்கும் என்பது பலர் எண்ணம். சிறியதும் கெடுக்கும். சக்திக்கு மீறி முடுக்கினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு போகின்றன. மிகுந்த சக்தி உயர்சுருதிக்குரிய சிறு ட்வீட்டரில் பாய்ந்து அதன் கம்பிச்சுருளை எரித்துவிடுகிறது. ஒலி கரகரக்கத் தொடங்கினால் உடனே குறைத்தல் நலம்.

அடுத்தது ஓம் கணக்கு. 8 ஓம் முதலே தாங்கும் ஆம்ப்ளிபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால், அது ஏறக்குறைய இருமடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடேற்றும். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை ஒரே முனையில் பக்க இணைப்பாகப் பூட்டினாலும் 4 ஓம் ஆகிவிடும் என்பதை மறத்தலாகாது.

வகைகளிலும் வேறுபாடு உண்டு. வால்வு ஆம்ப்ளிபயர்கள் பெரும்பாலும் குறைந்த வாட் உடையவை. அவற்றுக்கு உணர்திறன் மிக்க ஸ்பீக்கர் பொருந்தும். ஸ்பீக்கரை இணைக்காமல் அவற்றை இயக்குதல் ஆகாது. இன்றைய 'டி' வகுப்பு ஆம்ப்ளிபயர்கள் சிறியவை, சூடும் குறைவு, இடமில்லாச் சிறு வீட்டுக்கு ஏற்றவை.

பெட்டியின்மேல் அச்சிட்ட 'பி.எம்.பி.ஓ.' எண்ணைக் கண்டு மயங்க வேண்டா, 'ஆர்.எம்.எஸ்.' எண்ணையே கேட்க வேண்டும். 50 வாட் மின்சாரம் வாங்கும் பெட்டி 1,000 வாட் ஒலித்திறனை இடையறாது தருதல் இயலுமோ?

ஆதலின் அன்பர்களே, அறையை அளந்து, அதற்கேற்ற ஸ்பீக்கரை முதலில் தேர்ந்து, அதன்பின் ஆம்ப்ளிபயரை நாடுவோம். வாட்டில் மிச்சமாகும் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் செலவிட்டால், தம்புராவின் சுருதியும் தெளிவாய்க் கேட்கும். சுவருக்கு அப்பால் உறங்கும் அண்டை வீட்டுக் குழந்தையும் விழியாது.