கணக்குக்குள் அடங்கிய போர்க்கப்பல்கள்

விண்வெளியில் காற்று கிடையாது. அப்படியிருக்க, கணினி விளையாட்டுகளில் வரும் விண்வெளிப் போர்க்கப்பல்களுக்குக் கூர்மூக்கும் இறக்கையும் எதற்கு என்று இயற்பியல் படித்தவர்கள் கேட்பதுண்டு. சினிமாவைப் பார்த்து வரைந்துவிட்டார்கள் என்பது வழக்கமான பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இந்தக் கப்பல்களின் வரலாற்றைப் புரட்டினால், அவற்றின் உருவத்தில் கற்பனையைவிடக் கணினியின் கையிருப்புக்கே பங்கு அதிகம் என்பது தெரியும். 1962இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி.-1 கணினியில் எழுதிய 'ஸ்பேஸ்வார்!' விளையாட்டிலேயே இது தொடங்கிவிட்டது. அதில் இரண்டே கப்பல்கள். ஒன்று ஊசி வடிவம், மற்றது ஆப்பு வடிவம். திரையின் நடுவில் இருக்கும் சூரியனின் ஈர்ப்பு இரண்டையும் இழுக்கும். அந்த ஈர்ப்பைக் கணக்கிட நேரம் மிச்சமாக வேண்டுமே என்று, கப்பலின் வெளிக்கோட்டை வேகமாக வரைய ஒரு வழியை டான் எட்வர்ட்ஸ் எழுதினார். அப்படியும் குண்டுகளுக்குக் கணக்குப் போட நேரம் போதவில்லை. கப்பலை இழுக்கும் சூரியன் குண்டுகளை மட்டும் கண்டுகொள்ளாது!

இந்த நெருக்கடியை மிகத் தெளிவாகக் காட்டுவது, கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிராபனும் இயன் பெல்லும் உருவாக்கி 1984இல் வெளிவந்த 'எலைட்' விளையாட்டு. அது ஓடிய பிபிசி மைக்ரோ கணினியின் நினைவகம் 32 கிலோபைட். அதன் 6502 செயலிக்குப் பெருக்கல் கட்டளைகூடக் கிடையாது. கூட்டியும் நகர்த்தியும்தான் பெருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு முப்பரிமாணக் கப்பலைத் திரையில் சுழலவிட்டார்கள். கப்பலைக் கோடுகளால் மட்டும் வரைந்தால் பின்பக்கக் கோடுகளும் ஊடுருவித் தெரிந்து, எது முன், எது பின் என்று புரியாமல் போகும். அதற்கு அவர்கள் கையாண்டது எளிய வழி. கப்பலின் ஒவ்வொரு முகமும் நம்மைப் பார்த்திருக்கிறதா, அப்பால் திரும்பியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஒரு கோட்டை ஒட்டிய இரு முகங்களும் திரும்பியிருந்தால் அந்தக் கோட்டை விட்டுவிடலாம். எங்குமே குழிவு இல்லாத உருவத்துக்குத்தான் இந்தக் கணக்கு பிழையின்றி வரும். கோபுரமோ துருத்தும் இறக்கையோ வைத்தால், கப்பலின் ஒரு பகுதி இன்னொன்றை மறைக்கும்; கணக்கு குழம்பும். அந்த விளையாட்டின் புகழ்பெற்ற 'கோப்ரா மார்க் 3' கப்பல் தட்டையான ஆப்பாக, பட்டை தீட்டிய கல் மாதிரி இருப்பதற்கு இதுவே காரணம். 28 முனைகள், 38 கோடுகள், அவ்வளவுதான் அதன் முழு உடம்பு. தொலைவில் போனால் அதுவும் சுருங்கி வெறும் புள்ளியாகிவிடும்.

சரி, இன்றைய கணினிக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லையே, பிறகும் ஏன் அதே பாணி என்று கேட்கலாம். ஒன்று, பழக்கம்: 2014இல் வந்த 'எலைட் டேஞ்சரஸ்' விளையாட்டிலும் கோப்ராவின் அந்த ஆப்பு அப்படியே இருக்கிறது, ரசிகர்கள் வேறொன்றை ஏற்க மாட்டார்கள். இன்னொன்று, செயலி வளர்ந்த அளவுக்கு ஆடுபவரின் கண் வளரவில்லை. கனடாவின் ரெலிக் நிறுவனம் உருவாக்கி 1999இல் வெளிவந்த 'ஹோம்வேர்ல்ட்' இதற்கு நல்ல சான்று. மேல், கீழ் என்று எதுவும் இல்லாத வெளியில் பல கப்பல்களை ஒரே நேரத்தில் நடத்த வேண்டிய விளையாட்டு அது. அதன் தாய்க்கப்பல் படுத்துக் கிடக்காமல் நெட்டுக்குத்தாக நிற்கிறது; எங்கே சுற்றினாலும் திசையைப் பிடித்துக்கொள்ள அது ஒரு கம்பம். கப்பல்களின் பட்டை வண்ணங்களுக்குக் கிறிஸ் ஃபாஸ், பீட்டர் எல்சன் ஆகியோரின் அறிவியல் புனைகதை ஓவியங்கள் முன்மாதிரி. அப்படியானால் ஓவிய ரசனைதானே முடிவு செய்தது என்பார்கள். ரசனைதான், ஆனால் எத்தனையோ ஓவியர்கள் இருக்க, அகலமான வண்ணப் பட்டைகளைத் தீட்டியவர்களைத் தேர்ந்ததில் ஒரு கணக்கும் இருக்கிறது. நுணுக்கமான விளிம்புகளைச் செதுக்க வசதியில்லாத காலத்தில், தூரத்திலிருந்தே அடையாளம் காட்ட ஒரு மஞ்சள் பட்டை போதும். கப்பல்களின் பின்னே நீளும் ஒளி வாலும் அப்படித்தான். எது எங்கே திரும்புகிறது என்பதை அது ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

உண்மையான இயற்பியலை அப்படியே வைத்தால் என்ன என்பது கடைசிக் கேள்வி. வைத்தும் பார்த்தார்கள். 1993இல் வந்த 'ஃப்ரான்டியர்: எலைட் 2' நியூட்டனின் விதிகளைப் பின்பற்றியது. சண்டையில் இரு கப்பல்களும் கண்மூடித் திறப்பதற்குள் ஒன்றையொன்று கடந்து போயின; பலருக்கு அது அலுத்தது. 'எலைட் டேஞ்சரஸ்' கப்பலுக்கு வேக வரம்பு வைத்ததற்கு இந்த அனுபவமும் காரணமாக இருக்கும். 2016இல் வந்த 'சில்ட்ரன் ஆஃப் எ டெட் எர்த்' மறுமுனைக்குப் போனது. கப்பலின் அணு உலைச் சூடு வெற்றிடத்தில் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும் என்பதால், அதில் கப்பல்கள் பெரிய கதிர்வீச்சுத் தகடுகளை விரித்துக்கொண்டு நீண்ட தண்டுகளாகப் போகின்றன. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இத்தகைய தகடுகள் உண்டு. அறிவியல் சரி. ஆனால் எதிரி இருப்பது வெகு தொலைவில், கண்ணுக்கு ஒரு புள்ளி. அந்தத் தகடுகளின் அழகைப் பார்க்க, ஆடுபவர் கேமராவை அருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.