நிறுத்தி வைப்பதும் விடுவிப்பதும்

புதியன யாவும் நல்லன என்பாரும், பழையதே பாதுகாப்பானது என்பாரும் எங்கும் உளர். கணினியைக் கையாள்வோரிடையேயும் இவ்விரு சாராரைக் காணலாம். லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்விருவர்க்கும் நடுவான வழியொன்று உண்டு. அதனை மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று.

லினக்ஸின் உட்கருவை 1991ஆம் ஆண்டில் ஆக்கி அளித்தவர் பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். அவ்வுட்கருவைக் கொண்டு எழுந்த டெபியன், உபுண்டு முதலியவற்றில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டுள்ளன. ஓரிரு கட்டளைகளால் எல்லாப் பொதிகளையும் ஒருங்கே இற்றைப்படுத்தலாம். வசதிதான், ஆயின் ஒரு பொதி மற்றொன்றைச் சார்ந்து நிற்பது. உட்கரு புதிதாகி, திரையை இயக்கும் மென்பொருள் அதனோடு ஒவ்வாது போயின், நேற்றுவரை ஒளிர்ந்த திரை இன்று இருண்டு கிடத்தலும் கூடும்.

இத்தகைய வேளையில் உதவுவதே 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' என்னும் கட்டளை. நிர்வாகி உரிமையுடன் இதனை இட்டு, பின்னே பொதியின் பெயரை எழுதினால், ஏனையவை மாறினும் அப்பொதி மாறாது நிற்கும். 'ஹோல்ட்' என்பதற்குப் பதிலாக 'ஷோஹோல்ட்' என எழுதின், நிறுத்தப்பட்டவற்றின் பட்டியல் தோன்றும். 'அன்ஹோல்ட்' எனின், பெயர் குறித்த பொதி விடுவிக்கப்படும். உபுண்டுவில் உட்கருவை நிறுத்த விரும்புவோர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். புதிய உட்கரு புதிய எண் தாங்கிய வேறொரு பொதியாகவே வருமாதலால், அதனை அழைத்துவரும் 'லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக்' என்னும் பொதியையே நிறுத்துதல் முறை. பெடோராவில் இப்பணியை 'வெர்ஷன்லொக்' செய்கின்றது.

இனி, நிறுத்துவது நன்றா, தீதா? இரு நிகழ்ச்சிகள் விடை பகர்கின்றன.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 'எக்ஸ்-இசட்' என்னும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிற் கள்ளவழியொன்று புகுத்தப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. பழைய பதிப்போடு அமைந்திருந்தோர் தப்பினர். பதறிய காரியம் சிதறும் அன்றோ?

2014ஆம் ஆண்டு ஏப்ரலில் நிகழ்ந்ததோ இதற்கு மறுதலை. 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் மறைகுறி மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற குறை வெளியாயிற்று. அதன் வழியே, வழங்கிக் கணினிகளின் நினைவகத்திலுள்ள கடவுச்சொற்களையும் பிறர் கவரக்கூடும். திருத்தம் உடனே வந்தது. ஆனால், குறையுள்ள பதிப்பை நிறுத்தி வைத்த கணினிக்கு அத்திருத்தம் எங்ஙனம் சென்றடையும்? ஆறின கஞ்சி பழங்கஞ்சி!

ஆகவே, தடை என்பது மருந்து போன்றது, அன்றாட உணவாகாது. ஒவ்வாத பொதியை மட்டும் நிறுத்துக. நிறுத்திய நாளையும் காரணத்தையும் ஏட்டிற் குறித்து வைக்க. மாதமொருமுறை பட்டியலை நோக்கி, காரணம் நீங்கியவற்றை விடுவிக்க. இணைய உலாவி, மறைகுறி மென்பொருள் போன்று வெளியுலகோடு உறவாடுவனவற்றை நெடுநாள் நிறுத்தாதிருத்தல் நலம். பூட்டத் தெரிந்தவன் திறவுகோலையும் மறவாதிருத்தல் வேண்டும்.