"ஒரு ஈத்து போடட்டும்" என்று விட்டால் வீதி நிறையக் குட்டி! பெட்டை நாய்க்கு ஆபரேஷன் எப்போது?

காரைக்கால்—
காரைக்காலில் நாட்டு நாய்க்குட்டி வேண்டுமென்றால் யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மார்க்கெட் சந்து, மீன் இறங்கும் இடம், கோவில் வாசல் என்று தேடினால் கிடைக்கும். வேண்டாத குட்டிகளைச் சாக்குப் பையில் போட்டு இரவோடு இரவாக விட்டுவிட்டுப் போவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். விடிந்ததும் கடுவன் குட்டிகளை யாராவது தூக்கிப் போய்விடுவார்கள். கடைசியில் நின்று கத்துவது பெட்டைக் குட்டிதான்!

இரக்கப்பட்டு ஒருவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். பாலும் சோறும் தின்று வளர்கிறது. ஐந்தாறு மாதம் போனதும் வீட்டில் பேச்சு எழும்புகிறது.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிடலாமா?"

"இப்ப என்னங்க அவசரம்? ஒரு ஈத்து போடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் சேர்ந்துகொள்வார்: "வாயில்லாத ஜீவன். ஒரு தடவையாச்சும் தாயாகட்டும்டா!"

இந்த 'அப்புறம்'தான் வம்பு.

63 நாள்

நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள். ஒரு ஈத்துக்கு நாலு முதல் ஆறு குட்டி சாதாரணம். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ பருவம் வரும். போட்ட குட்டியில் ஏறக்குறையப் பாதி பெட்டை. அவையும் ஆண்டு திரும்புவதற்குள் குட்டி போடத் தயார்! 'ஒரே ஒரு ஈத்து' என்று ஆரம்பித்த வீட்டுக்காரர், ஆறு குட்டிக்கு ஆறு வீடு தேடி அலைய வேண்டும். கிடைக்காவிட்டால் மறுபடியும் அதே சாக்குப் பை!

நாட்டுப் பெட்டை பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் முதல் பருவத்துக்கு வருகிறது. பின்பக்கம் வீங்கும், இரத்தம் கசியும். ஏறத்தாழ மூன்று வாரம் இப்படி இருக்கும். வீட்டுக்காரர் கவனிக்கிறாரோ இல்லையோ, தெருக் கடுவன்கள் கவனித்துவிடும். வாசலில் கூட்டம் கூடிவிடும். மார்கழி மாத நாய் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்!

கட்டித்தானே போட்டிருக்கிறோம் என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. சுற்றுச்சுவர் உள்ள வீட்டிலேயே கடுவன் எகிறிக் குதிக்கும். வேலியும் கொல்லையுமாக உள்ள வீட்டில் கேட்க வேண்டாம். கதவு திறந்த கால் மணி நேரம் போதும், காரியம் முடிந்துவிடும்.

நோய் ஆபத்து

ஒரு தடவை குட்டி போட்டால்தான் நாய் ஆரோக்கியமாக இருக்கும் என்பதற்கு வைத்தியத்தில் ஆதாரம் இல்லை. கணக்கு எதிர்ப்பக்கம்தான் பேசுகிறது.

1969-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இன்றுவரை டாக்டர்கள் வாயில் அடிபடுகிறது. ஆபரேஷன் செய்யாத பெட்டைக்கு மார்பில் கட்டி வரும் ஆபத்தை 100 என்று வைத்துக்கொண்டால், முதல் பருவத்துக்கு முன்பே ஆபரேஷன் ஆன நாய்க்கு அது அரை சதவீதம்தான். ஒரு பருவம் கழிந்து செய்தால் 8. இரண்டு பருவம் கழிந்தால் 26. இந்த ஆதாரம் அவ்வளவு உறுதியானதல்ல என்று 2012-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சொன்னதும் உண்மை. ஆனாலும் தள்ளிப்போடுவதால் மார்புக் கட்டியில் லாபம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று கருப்பையில் சீழ் பிடிப்பது. பருவம் முடிந்து சில வாரத்தில் நாய் சோர்ந்து படுக்கும், தண்ணீராகக் குடிக்கும், சோறு தொடாது. வயசான நாய்தானே என்று விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் ஆகாத பெட்டைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு, பத்து வயதுக்குள் இது வருவதாக 2001-ல் சுவீடன் நாட்டுக் கணக்கு காட்டியது. கருப்பையை எடுத்துவிட்டால் இந்தப் பயம் அநேகமாக இல்லை.

லாப்ரடாருக்கு வேறு கணக்கு

அதற்காக எல்லா நாய்க்கும் ஆறாம் மாதம் என்று அடித்துச் சொல்லிவிடவும் முடியாது. பெரிய சாதி நாய்களுக்கு எலும்பும் மூட்டும் முற்றக் காலம் பிடிக்கும். கலிபோர்னியாவில் கோல்டன் ரிட்ரீவர் நாய்களைப் பற்றி 2013-ல் வந்த ஆய்வு, ஒரு வயதுக்கு முன் ஆபரேஷன் ஆனவற்றில் மூட்டுக் கோளாறு அதிகம் என்றது. 2020-ல் அதே ஆய்வாளர்கள் 35 சாதி நாய்களை அலசினார்கள். சின்ன நாய்களில் மூட்டுத் தொல்லை பெரிதாகக் கூடவில்லை. ஆகவே லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருப்பவர் டாக்டரைக் கேட்டு ஒரு வயது வரை பொறுக்கலாம். ஆனால் அந்த முதல் பருவத்தின் மூன்று வாரமும் நாயைப் பூட்டிக் காக்க முடிகிறவர்தான் பொறுக்க வேண்டும்! ரொம்பச் சின்னக் குட்டியாக இருக்கும்போதே செய்தால் பிற்காலத்தில் சிறுநீர் கசியும் தொல்லை சிலவற்றுக்கு வரலாம் என்றும் சொல்கிறார்கள்.

தெருவில் பிறந்து வீட்டுக்கு வந்த நாட்டுப் பெட்டைக்கு ஆறு மாதத்தை ஒட்டி, முதல் பருவத்துக்கு முன் செய்துவிடுவதே நல்லது.

தவறவிட்டு பருவம் வந்துவிட்டதா? அந்தச் சமயத்தில் ஓடக்கூடாது. இரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும், கத்தி வைத்தால் இரத்தப்போக்கு ஆபத்து கூடும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் போக வேண்டும். மடியில் பால் இருக்கும்போதும் செய்வதில்லை.

ஐப்பசி மழை

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைப் பக்கம் கொட்டுகிற மழை. தையல் காய ஏறத்தாழ பத்து நாள் ஆகும். அதுவரை ஈரம் படக்கூடாது, நாய் நக்கவும் கூடாது. கழுத்தில் புனல் மாதிரி பட்டை போட வேண்டும். மழைக்காக 'தை பிறக்கட்டும்' என்று காத்திருந்தால் அதற்குள் பருவம் வந்துவிடலாம். திண்ணையோ, சமையல்கட்டு மூலையோ, காய்ந்த இடம் ஒன்று இருந்தால் மழையிலும் செய்யலாம்.

"ஆபரேஷன் ஆனா நாய் குரைக்காது, காவல் காக்காது" என்பதும் கட்டுக்கதை. உடம்பு போடும் என்பது மட்டும் நிஜம். சோற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

சென்னை கற்ற பாடம்

சென்னை மாநகராட்சி பல ஆண்டு நாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தது. 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 வரை கொல்லப்பட்டதாக புளூ கிராஸைச் சேர்ந்த டாக்டர் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். நாய் குறைந்தபாடில்லை! கொன்ற இடத்துக்கு அடுத்த தெரு நாய் வந்து குட்டி போட்டது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று புளூ கிராஸ் 1964-லேயே சொன்னது. மாநகராட்சி அதற்கு ஒப்புக்கொண்டது 1996-ல். 32 ஆண்டு!

2001-ல் மத்திய அரசு அதையே விதியாக்கியது. 2023-ல் புது விதி வந்தது. தெரு நாய்க்குக் கருத்தடையும் ஊசியும் உள்ளாட்சியின் பொறுப்பு, வீட்டு நாய் வைத்திருப்பவர் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் வரை போன விவகாரமும் தெரு நாய்தான். அந்தத் தெரு நாயில் எத்தனை, யார் வீட்டு ஈத்தில் வந்தவை என்பதை எந்தக் கோர்ட்டும் எண்ண முடியாது.

சாக்கில் போட்டுவிட்ட குட்டிக்கு யாரும் ஊசி போடுவதில்லை. அதைத் தூக்கிக் கொஞ்சுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். உலகில் வெறிநோயால் சாகிறவர்களில் சுமார் 36 சதவீதம் பேர் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

குட்டிக்கு மூன்றாம் மாதம் வெறிநோய் ஊசி போட எப்படியும் மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆபரேஷன் அங்கேயே நடக்குமா, என்றைக்கு வரலாம், முதல் நாள் இரவு எத்தனை மணிக்குச் சோற்றை நிறுத்துவது என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டு, தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துக்கொண்டு வரலாம். பாட்டியிடம் நாலு நாள் முன்னதாகச் சொன்னால் போதும்.